கும்பிடுபூச்சிக்கு உணவிடலும் முதற் சீலமும்



நமது ஞாயிறு வகுப்பில் பாடங் கேட்கும் சிறுவன் ஒருவன், கண்ணாடிப் புட்டியொன்றில் பச்சைக் கும்பிடுபூச்சியை அடைத்துக் கொணர்ந்து, “ஐயா! இதற்கு ஈ பிடித்துப் போட்டு வளர்க்கிறேன். இது பாவமா?” என்று வினவினான். அவனுக்கு நாம் அளித்த விடை பிழைபட்டது. அப்பிழையை மறையாது உரைத்து, அதனின்று கற்றதை உங்கள்முன் வைப்பதே இப்பாடம்.

“பாவமே. இப்பொழுதே திறந்துவிடு” என்றோம். “இரண்டு நாளாக இது ஒன்றும் தின்னவில்லை ஐயா, தலைகீழாய்த் தொங்குகிறது” என்றான். அவன் சொல்லை நாம் செவிமடுத்தோமில்லை. புட்டியை வாங்கி, செடியின்மேல் கவிழ்த்து உதறினோம். பூச்சி விழுந்தது. அதன் பழைய தோல் பாதி கழன்றும் பாதி ஒட்டியும் இருந்தது. கால்கள் வளைந்துபோயின. மறுநாள் அது இறந்துகிடந்தது. சிறுவன் அழுதான், நம்மை ஒன்றும் கேட்டானில்லை.

அதன்பின்னரே அவ்வுயிரின் இயல்பை நூல்களில் தேடிப் படித்தோம்.

முன்னங்கால்களை மடக்கிக் கரங்குவித்தாற்போல் நிற்றலின் நம்மவர் இதனைக் கும்பிடுபூச்சி என்றனர். மேல்நாட்டார் வழங்கும் ‘மாண்டிஸ்’ என்னும் பெயர், குறிசொல்வோன் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லின் வழிவந்தது. குவிந்த அக்கரங்களில் முட்கள் வரிசையாய் உள்ளன. இரையைப் பற்றுதற்கே அவை அமைந்தன. இதற்குக் கூட்டுக்கண் 2, தனிக்கண் 3, ஆகக் கண்கள் 5. கூட்டுக்கண் இரண்டாலும் ஒருங்கே நோக்கி இரையின் தூரத்தை அறிந்து, இமைப்பொழுதில் பற்றும். இலையும் புல்லும் இதற்கு உணவாகா. அசையும் உயிரையே இரையென்று அறியும். ஆதலின் சோற்றுப் பருக்கையை வைத்து இதனைச் சைவமாக்கப் பார்ப்பவர், பட்டினியிட்டே கொல்பவராவர்.

இதனை வளர்ப்போர் கைக்கொள்ளும் முறை வருமாறு:

1. குஞ்சாயின், கனிந்த வாழைப்பழத்தை மொய்க்கும் சிற்றீயும், வளர்ந்ததாயின் வீட்டு ஈ, விட்டில், சிறு வெட்டுக்கிளி ஆகியனவும் இரையாம். இரையின் நீளம் பூச்சியின் நீளத்திற் பாதிக்கு மேற்படலாகாது.

2. குஞ்சுக்கு நாள்தோறும் அல்லது ஒருநாள் விட்டு ஒருநாளும், வளர்ந்ததற்கு 2 அல்லது 3 நாட்களுக்கு ஒருமுறையும் இரை வேண்டும். வயிறு பருத்திருப்பின் நிறுத்துக, ஒட்டியிருப்பின் இடுக.

3. நீரைக் கூண்டின் பக்கங்களில் துளித்துளியாய்த் தெளித்தால், அத்துளிகளைப் பருகும்.

4. மருந்து தெளித்த தோட்டத்துப் பூச்சிகளை இரையாக இடலாகாது. ஒரு கூண்டில் ஒன்றையே வைத்தல் வேண்டும். பசித்தால் தன்னினத்தையும் உண்ணும்.

5. தோலுரிக்குமுன் உணவை மறுத்துத் தலைகீழாய்த் தொங்கும். அப்பொழுது இரை இடுதலும் கூண்டை அசைத்தலும் ஆகா. உள்ளே மிஞ்சிய சுவர்க்கோழி, தோலுரித்த மெல்லுடலைக் கடித்துவிடும். கீழே விழுந்தால் உறுப்புகள் கோணும், உயிரும் போகும்.

இவ்வைந்தாவதை அறியாமையால் நேர்ந்ததே நமது பிழை.

இனிச் சிறுவனின் வினாவுக்கு வருவோம். உயிர்க்கொலைக்கு அங்கங்கள் ஐந்து எனப் பாலி உரைகள் வகுக்கின்றன. ஓர் உயிர் இருத்தல், அது உயிரென்று அறிதல், கொல்லும் எண்ணம், அதற்கான முயற்சி, அதனால் இறத்தல் என்பன அவை. பிறரை ஏவுதலும் பொறி அமைத்தலும் முயற்சியுள் அடங்கும். காட்டிலே கும்பிடுபூச்சி ஈயைப் பற்றுவது அதன் இயல்பு. அதில் நமக்குப் பங்கில்லை. புட்டியில் அடைத்தபின்னரோ, அதன் பொருட்டு வேட்டையாடும் கடமை நம் கைக்கு வந்துவிடுகிறது. ஈ உயிரென்று அறிவோம்; உள்ளே விட்டால் மாளும் என்றும் அறிவோம்; அறிந்தே விடுகிறோம். இடாது விட்டாலோ, அடைபட்டது மாளும். ஆகவே குற்றம் உணவிடும்போது தொடங்குவதன்று, மூடியை இறுக்கும்போதே தொடங்குகிறது.

நமது செயலையும் இவ்வைந்தால் அளந்து பார்த்தோம். கொல்லும் எண்ணம் நமக்கு இருந்ததில்லை. ஆகவே அது கொலையாகாது என்று வாதிடலாம். ஆனால் அச்சிறுவனின் முகத்தை நோக்கி அவ்வாறு வாதிட நம்மால் இயலவில்லை. நூற்பாலையில் பணியாற்றிய காலத்தில், ஓடும் கதிரில் கைவைக்குமுன் நின்று பார்க்கவேண்டும் என்று புதியவர்களுக்கு எத்தனையோ முறை சொல்லிக்கொடுத்தோம். அப்புட்டியில் கைவைக்குமுன் நாமே நின்று பார்த்தோமில்லை. பகவான் பரிநிர்வாணம் எய்துமுன் அருளிய இறுதி உபதேசம் அயராமையைப் பற்றியது. அதனை ஓதியும் போதித்தும் வந்த நாம், ஒரு பூச்சியின்முன் அயர்ந்தோம்.

ஆதலின் இனி எவரேனும் கேட்பின் நாம் கூறுவது இது. பூச்சியைப் பிடித்து அடைக்காதீர். முன்னமே அடைத்திருப்பின், முதலில் உற்றுப் பாருங்கள். தொங்குகின்றதாயின், தோலுரித்துப் புதுத்தோல் இறுகும் மட்டும் தொடாதிருங்கள். பின்னர் எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் விடுங்கள்.

அடுத்த மழைக்காலத்தில் அச்சிறுவன் நம்மைக் கைபிடித்து அழைத்துச் சென்று, வீட்டு அவரைப் பந்தலில் ஒரு கும்பிடுபூச்சியைக் காட்டினான். அது ஓர் ஈயை உண்டுகொண்டிருந்தது. “நான் பிடிக்கவில்லை ஐயா, பார்த்துக்கொண்டே இருக்கிறேன்” என்றான். நாமும் அவனருகே அமர்ந்து பார்த்தோம்.

மாணாக்கர் விடையளிக்க:

1. உயிர்க்கொலையின் ஐந்து அங்கங்கள் யாவை?
2. கும்பிடுபூச்சி உணவை மறுக்குங்கால் செய்யத்தக்கதும் தகாததும் யாவை?
3. நன்மை செய்வதாக எண்ணி, பாராது செய்த செயலொன்று உமது வாழ்வில் உண்டாயின், அதனை எழுதுக.