ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை

மலையகத்திலிருந்து கரட்டும் லீக்சும் ஏற்றிக்கொண்டு நுகேகொடைக்கு வரும் சிறு வான் சொந்தக்காரர் ஒருவரை நாம் அறிவோம். ஒரு நாள் விடியற்காலையில் தெல்கந்தச் சந்தையில் பாதிச் சுமையை இறக்கினார். மீதி வெள்ளவத்தைக் கடைகளுக்குப் போக வேண்டும். திறப்பைத் திருகினார். ஸ்டார்ட்டர் நன்றாகவே சுற்றியது. எஞ்சின் மட்டும் பிடிக்கவில்லை.

கூடியிருந்தவர்களில் ஒருவர், "அண்ணே, பற்றரி போயிட்டுது" என்றார். புதிய பற்றரி வாங்கிப் பூட்டினார்கள், பயனில்லை. அடுத்தவர் சொல்லக் கேட்டு நான்கு பிளக்குகளும் மாற்றப்பட்டன, பயனில்லை. மாலையில் ஒரு கராஜில் பெற்றோல் பம்பையே மாற்றினார்கள். அப்போதும் வான் அசையவில்லை. மறுநாள் காலை ஓர் இளைஞர் வந்தார். திறப்பை "ஓன்" நிலைக்குத் திருப்பச் சொல்லிவிட்டு, பெற்றோல் தாங்கியருகே காதை வைத்துக் கேட்டார். பம்பின் ஓசை இல்லை. பியூஸ் பெட்டியைத் திறந்து, ஹோண் ரிலேயைக் கழற்றிப் பம்பு ரிலேயின் இடத்தில் செருகினார். வான் உடனே ஸ்டார்ட் ஆயிற்று.

பழுதானது ஒரு சிறிய ரிலே. ஆனால் பற்றரி, பிளக், பம்பு எனப் பல நாள் வருமானம் கரைந்தது, மரக்கறியும் வாடிப்போயிற்று. இதிலிருந்து நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்றே: சோதிக்காமல் எந்த உதிரிப்பாகத்தையும் வாங்கக் கூடாது.

இப்பாடம் இன்று மேலும் அவசியமாகிறது. 2020 மார்ச்சில் எமது நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலம் முழுவதும் இருந்த வாகனங்களைக் கொண்டே பிழைக்க வேண்டியிருந்தது. இன்றும் பலரிடம் இருப்பவை பழைய வாகனங்களே. பஞ்சிகாவத்தையில் எந்தப் பாகமும் கிடைக்கலாம். ஆனால் எதை வாங்குவது என்பதை நாமே அறிந்திருக்க வேண்டும்.

எஞ்சினுக்கு என்ன வேண்டும்?

பெற்றோல் எஞ்சின் இயங்க நான்கு காரியங்கள் தேவை.

1. எரிபொருளும் காற்றும் அளவாகக் கலந்திருத்தல். சாதாரணமாக ஒரு பங்கு பெற்றோலுக்கு நிறைப்படி 14.7 பங்கு காற்று வேண்டும்.
2. அக்கலவை சிலிண்டருக்குள் நன்கு அமுக்கப்படுதல்.
3. பலமான தீப்பொறி.
4. அத்தீப்பொறி சரியான நேரத்தில் விழுதல்.

இந்நான்கில் ஒன்று குறைந்தாலும் எஞ்சின் பிடிக்காது. எது குறைகிறது என்பதைக் கண்டறிவதே எமது வேலை. செலவில்லாத சோதனைகளை முதலில் செய்வோம்.

முதலாம் படி: ஓசையைக் கேளுங்கள்

திறப்பைத் திருகும்போது "டிக்" என்ற சத்தம் மட்டும் வந்தாலோ, எஞ்சின் மிக மெதுவாகத் திணறிச் சுற்றினாலோ, பற்றரி, அதன் முனைகள், ஸ்டார்ட்டர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். வழக்கமான வேகத்தில் சுற்றினால் பற்றரிமேல் பழி போடத் தேவையில்லை. எமது வான் சொந்தக்காரர் இதை அறிந்திருந்தால் முதற் செலவே வந்திராது. மீற்றர் இருப்பின், நல்ல பற்றரி ஓய்வில் ஏறத்தாழ 12.6 வோல்ற் காட்டும். ஸ்டார்ட்டர் சுற்றும்போது 10 வோல்ற்றுக்கு மிகக் கீழே இறங்கலாகாது.

இனி, சுற்றும் ஓசையின் தாளத்தைக் கவனியுங்கள். சீரான ஏற்ற இறக்கத்துடன் கேட்டால் அமுக்கம் உண்டு எனலாம். தாளமின்றி, வழக்கத்தைவிட வேகமாக, இலேசாகச் சுழன்றால் ரைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். அப்படியாயின் உடனே நிறுத்துங்கள். சில எஞ்சின்களில் பிஸ்டன் வால்வில் மோதிப் பெரும் சேதம் விளையும்.

இரண்டாம் படி: கண்ணால் பாருங்கள்

திறப்பைப் போட்டதும் மீற்றர் பலகையில் எரியும் விளக்குகளைப் பாருங்கள். திறப்பு அல்லது பூட்டு வடிவ விளக்கு விடாது மின்னினால், திருட்டுத் தடுப்புக் கருவி உங்கள் திறப்பை அடையாளம் காணவில்லை என்று கொள்ளலாம். இரண்டாவது திறப்பினால் முயன்று பாருங்கள்.

எஞ்சின் சுழலும்போது சுற்றுவேக மானியின் முள் சற்றேனும் அசைகிறதா? பல வாகனங்களில் முள் அசையாமலே கிடந்தால் கிராங்க் சென்சரில் ஐயம் கொள்ளலாம். எஞ்சின் சூடானதும் நின்று, ஆறிய பின் மீண்டும் பிடிக்கும் வாகனங்களிலும் இந்தச் சென்சரே அடிக்கடி காரணமாகிறது. கணினிக் கருவி வைத்திருக்கும் கராஜில் பழுதுக் குறியீட்டை வாசித்தறியலாம். ஆனால் குறியீடு காட்டுவது பழுதான சுற்றையே. பாகமா வயரா என்பதைச் சோதித்தே முடிவுசெய்ய வேண்டும்.

மூன்றாம் படி: எரிபொருள் வருகிறதா?

மானியை மட்டும் நம்பாதீர்கள். அதுவும் பொய் சொல்லும். ஐயமிருந்தால் சில லீற்றர் ஊற்றிப் பாருங்கள். 2022 எரிபொருள் நெருக்கடியில் பலர் கலன்களில் பெற்றோல் சேர்த்துவைத்ததை நாம் மறக்கவில்லை. அழுக்கோ நீரோ கலந்த பெற்றோலும், பல மாதம் கிடந்து பழுதான பெற்றோலும் எஞ்சினை முடக்கும்.

ஊசிமுறையில் பெற்றோல் செலுத்தும் பெரும்பாலான வாகனங்களில், திறப்பை "ஓன்" செய்ததும் பம்பு இரண்டு விநாடியளவு மெல்ல இரையும். சில பழைய வாகனங்களில் ஸ்டார்ட்டர் சுற்றும்போது மட்டுமே அது இயங்கும். ஓசை இல்லையெனில் வரிசை இதுவே: முதலில் பியூஸ், அடுத்து ரிலே, பின்னர் வயர், கடைசியாகப் பம்பு. ரிலேயை மாற்றிப் பார்க்கும்போது ஒரே இலக்கமும் ஒரே முனைகளும் உள்ள ரிலேயையே பயன்படுத்துங்கள்.

நான்காம் படி: தீப்பொறி உண்டா?

ஒரு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பல தடவை சுற்றிய பின்னும் அது உலர்ந்திருந்தால் பெற்றோல் வரவில்லை. நனைந்து பெற்றோல் மணந்தால் பெற்றோல் வருகிறது. தீப்பொறி இல்லை, அல்லது பெற்றோல் அளவு மிஞ்சிவிட்டது. அளவு மிஞ்சியிருப்பின், பிளக்கைத் துடைத்துப் பூட்டி, அக்சிலரேற்றரை முழுவதும் மிதித்தபடி சில விநாடிகள் சுற்றுங்கள். ஊசிமுறை வாகனங்கள் பலவற்றில் அந்நிலையில் பெற்றோல் நிறுத்தப்பட்டுக் காற்று மட்டும் செல்லும்.

தீப்பொறியைச் சோதிக்க அதற்கென விற்கும் சோதனைப் பிளக்கைப் பயன்படுத்துவதே நன்று. பம்பின் பியூசைக் கழற்றிவிட்டு, சிந்திய பெற்றோலைத் துடைத்து உலரவிட்ட பின்னரே சோதியுங்கள். சோதனைப் பிளக்கை எஞ்சினின் உலோகப் பகுதியில் உறுதியாகப் பொருத்துங்கள். கையில் பிடிக்க வேண்டாம். அது பல்லாயிரம் வோல்ற் மின்சாரம். நீலம் கலந்த வெண்மையான பொறி நல்லது. செம்மஞ்சளாக மங்கித் தெரிந்தால் கொயிலையும் வயர்களையும் ஆராயுங்கள். மழைக்காலத்தில், டிஸ்ரிபியூட்டர் உள்ள பழைய கார்களில், அதன் மூடியினுள் ஈரம் படிந்தாலே போதும், எஞ்சின் பிடிக்காது. உலர்ந்த துணியால் துடைத்தால் அநேகமாகச் சரியாகும்.

டீசல் வாகனமாயின்

டீசல் எஞ்சினுக்குப் பிளக் தீப்பொறி இல்லை. அமுக்கப்பட்ட காற்றின் வெப்பமே எரிபொருளைப் பற்றவைக்கிறது. குளிர்காலை நுவரெலியாவில் பிடிக்காத வான் கொழும்பில் பிடிக்குமாயின் ஹீற்றர் பிளக்குகளைப் பாருங்கள். தாங்கி வெறுமையாகி மீண்டும் டீசல் ஊற்றியபின் பிடிக்காவிட்டால் குழாயில் காற்றுப் புகுந்திருக்கும். பல பழைய வான்களில் பில்டரின் மேலுள்ள கைப்பம்பை அது இறுகும்வரை அமுக்கிக் காற்றை வெளியேற்றலாம். பில்டரின் அடியில் தேங்கிய நீரையும் வடித்துவிடுங்கள்.

செய்யக்கூடாதவை

* ஒரே தடவையில் பத்து விநாடிக்கு மேல் சுற்ற வேண்டாம். ஒரு நிமிடம் ஆறவிடுங்கள். இல்லையேல் ஸ்டார்ட்டர் சூடாகி எரியும்; நல்ல பற்றரியும் வடிந்துவிடும்.
* எஞ்சினின் வாய்க்குள் போத்தலால் பெற்றோல் ஊற்றிச் சுற்ற வேண்டாம். தீப்பிடித்து முகமும் கையும் வெந்துபோகும்.
* ஊசிமுறை வாகனத்தின் பெற்றோல் குழாயைத் திடீரெனத் திறக்க வேண்டாம். உள்ளே அழுத்தம் உண்டு.
* வெள்ளத்தில் நின்றுபோன வாகனத்தைச் சுற்றவே வேண்டாம். நீர் அமுக்கத்திற்கு இடங்கொடாது. எஞ்சினின் உள்ளுறுப்புகள் வளைந்துவிடும். 2016 மே வெள்ளத்தில் கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பகுதிகள் நீரில் மூழ்கியது போன்ற வேளைகளில் இது மிக முக்கியம்.

பாஸிடம் எப்படிச் சொல்வது?

எல்லாவற்றையும் நாமே திருத்த முடியாது, திருத்தவும் வேண்டியதில்லை. ஆனால் கராஜுக்குப் போய், "பாஸ், ஸ்டார்ட் ஆகுதில்லை" என்று மட்டும் சொல்வதற்கும், "பாஸ், ஸ்டார்ட்டர் நல்லாச் சுத்துது, பிளக் காய்ஞ்சு இருக்கு, பம்புச் சத்தம் கேட்கேல்லை, பியூஸ் சரி" என்று சொல்வதற்கும் பெரும் வேறுபாடு உண்டு. இரண்டாவதைக் கேட்கும் நல்ல பாஸுக்குப் பாதி வேலை முடிந்துவிடும். ஊகத்தில் பாகம் மாற்றுபவரும் சற்று யோசிப்பார். மாற்றிய பழைய பாகத்தைத் திரும்பக் கேட்டு வாங்குங்கள். புதியதை ஏன் போட்டார் என்றும் தயங்காமல் கேளுங்கள்.

எமது வான் சொந்தக்காரர் இப்போது ஒரு மேலதிக ரிலேயும், சில பியூஸ்களும், ஒரு பிளக் சாவியும், சிறிய மீற்றரும் வானிலேயே வைத்திருக்கிறார். அன்று வாங்கிய பற்றரியின் விலையில் இவை எவ்வளவோ குறைவு.

குழுவாகக் கலந்துரையாட

1. உங்கள் ஊரில் சோதிக்காமல் பாகம் மாற்றியதால் நட்டமடைந்தவர் உண்டா? எந்தச் சோதனை அந்த நட்டத்தைத் தடுத்திருக்கும்?
2. உங்கள் வாகனத்தின் பியூஸ் பெட்டி எங்கே உள்ளது? அதில் பம்பு ரிலே எது? இன்றே மூடியைத் திறந்து கண்டறியுங்கள்.
3. மீற்றர், சோதனைப் பிளக் போன்றவற்றைச் சங்கத்தின் பொதுக் கருவிகளாக வாங்கி, தேவைப்பட்டவர்கள் முறைவைத்துப் பயன்படுத்த முடியுமா?