சிவப்பு மண்ணும் சாம்பல் மண்ணும்



பதுளைக்குக் கிழக்கேயுள்ள மலைகளில் பெய்யும் மழை எங்கே போகிறது தெரியுமா? அங்கிருந்துதான் கல்லோயா புறப்படுகிறது. இங்கினியாகலையைக் கடந்து, கல்முனைக்குத் தெற்கே சுமார் 16 கிலோமீற்றரில் கடலில் விழுகிறது. மலையில் கழுவப்பட்ட மண் காலங்காலமாக அந்தச் சமவெளியில் வண்டலாகப் படிந்தது. மலையில் சிவப்பாக இருக்கும் மண், கல்முனை, சம்மாந்துறை, நிந்தவூர் வயல்களில் சாம்பல் நிறமாகக் கிடக்கிறது. ஏன் என்று இம்முறை பார்ப்போம்.

நிறம் தருவது இரும்பு

மலைமண்ணின் சிவப்புக்கும் மஞ்சளுக்கும் காரணம் இரும்புத் துருதான். பழைய மண்வெட்டியில் பிடிக்கும் துருவைப் போன்றதுதான் இதுவும். சரிவான நிலத்தில் மழைநீர் நிற்காமல் ஓடிவிடும். மண்ணுக்குள் காற்று இருக்கும். காற்று இருக்கும்வரை துரு கரையாது, நிறமும் மாறாது.

கல்முனைக்கு மேற்கே கரைவாகு வட்டைப் பக்கம் நிலைமை வேறு. ஐப்பசி, கார்த்திகையில் வடகீழ்ப் பருவமழை தொடங்கினால் களிமண் வயல் மாதக்கணக்கில் தண்ணீருக்குள். பெரும்போகம் அறுத்து முடிந்ததும் காய்ந்து வெடிக்கும். சிறுபோகத்துக்கு வாய்க்கால் தண்ணீர் வந்தால் மறுபடியும் சேறு. வருஷா வருஷம் இப்படித்தான்.

தண்ணீர் நின்றால்

காற்றிலே போவதைவிடத் தண்ணீருக்குள் ஒட்சிசன் சுமார் 10,000 மடங்கு மெதுவாகத்தான் போகும். ஆகவே வயலில் நீர் கட்டிய ஓரிரு நாளிலேயே மண்ணிலுள்ள ஒட்சிசன் தீர்ந்துவிடும். நுண்ணுயிர்கள் சும்மா இருக்குமா? வைக்கோலையும் வேரையும் தின்பதற்கு ஒட்சிசனுக்குப் பதிலாக முதலில் நைத்திரேற்றைப் பிடிக்கும். அடுத்து மங்கனீசு, அதன்பின் இரும்புத் துரு. துரு கரைந்துவிடும், சிவப்பு போய்ச் சாம்பல் வரும். அதற்கும் பிறகு அழுகிய முட்டை நாற்றம் கிளம்பும், சேற்றிலிருந்து மெதேன் குமிழி வரும்.

இதில் நன்மையும் உண்டு. துருவோடு ஒட்டியிருந்த பொசுபரசு விடுபட்டு நெல்லுக்குக் கிடைக்கும். புளிப்பு மண்ணின் புளிப்பும் சில கிழமைகளில் குறையும். நம் நாட்டவரான பீலிக்ஸ் பொன்னம்பெரும, பிலிப்பைன்சிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்துகொண்டு, நீரில் மூழ்கிய மண்ணின் இரசாயனத்தைப் பற்றி 1972இல் எழுதியது இன்றும் உலகமெங்கும் படிக்கப்படுகிறது.

தண்ணீர் வடிந்தால்

காற்று மறுபடி உள்ளே போகும். கரைந்த இரும்பு திரும்பவும் துருவாகும். அதனால்தான் வயல் மண்ணை வெட்டிப் பார்த்தால் சாம்பலுக்குள்ளே செம்புள்ளியும் செங்கோடும் தெரியும்.

ஆனால் இரும்பு துருவாகும்போது அமிலமும் உண்டாகிறது. நீர் நின்ற காலத்தில் கரைந்த இரும்பு, களிமண் பிடித்து வைத்திருந்த கல்சியம், மகனீசியம், பொட்டாசியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்காரும். தள்ளப்பட்டவை தண்ணீரோடு போய்விடும். மண் காயும்போது உண்டாகும் அமிலம் களியையே அரிக்கும். இது நூற்றாண்டுக் கணக்கில் நடந்தால் மேல்மண் வெளிறிச் சத்திழந்துவிடும். 1970இல் ரொபர்ட் பிரிங்மன் என்ற மண் அறிஞர் இதற்கு 'பெரோலிசிஸ்' என்று பெயர் வைத்தார். ஆற்றுநீரும் புது வண்டலும் வந்து சேரும் இடங்களில் இழந்த சத்து ஓரளவு திரும்பக் கிடைக்கும்.

காசும் போகிறது

வயல் காய்ந்திருக்கும்போது மண்ணில் நைத்திரேற்று சேரும். மறுபடி நீர் கட்டினால் அது வாயுவாகப் பறந்துவிடும். அதனால் யூரியா போட்டபின் வயலை வெடிக்கக் காயவிட்டு, பிறகு தண்ணீர் கட்டினால் போட்ட காசில் ஒரு பங்கு ஆகாயத்துக்குத்தான். 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைப்பட்டபோது ஒரு மூடையின் அருமை எல்லோருக்கும் தெரிந்தது. யூரியாவை ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்துப் போடுவதும், அதன்பின் ஈரத்தைக் காப்பதும் நல்லது.

நெல்லும் தேயிலையும்

நெல்லின் தண்டுக்குள் காற்றுக்குழாய் உண்டு. இலையிலிருந்து வேருக்குக் காற்று இறங்கும். ஒரு நெற்செடியைப் பிடுங்கிப் பாருங்கள். வேரில் செந்துரு படிந்திருந்தால் வேர் மூச்சு விடுகிறது என்று அர்த்தம். வேர் கறுத்து நாறினால் தண்ணீரைக் கொஞ்சம் வடிக்க வேண்டும்.

தேயிலைக்கு இந்த வசதி இல்லை. புளிப்பு மண் அதற்குப் பிடிக்கும், ஆனால் நீர் நின்றால் வேர் மூச்சுத் திணறி அழுகும். அதற்காகத்தான் மலையில் கான் வெட்டுகிறோம். கான் அடைபட்டால் செடி வாடும், கொழுந்து குறையும். கொழுந்து குறைந்தால் கிலோ குறையும், அரைப்பேரில் போய் நிற்கும். ஆகவே கான் வேலையைச் சின்ன வேலை என்று நினைக்க வேண்டாம்.

நாமே பார்க்கலாம்

1. மலைச்சரிவின் அடியில் ஊற்றுக் கசியும் இடத்தில் செம்மஞ்சள் வழுவழுப்பு இருக்கிறதா? கரைந்த இரும்பு காற்றுப் பட்டுத் துருவாகிறது.

2. அங்கே தண்ணீர்மேல் மண்ணெண்ணெய் போலப் பளபளக்கிறதா? குச்சியால் கலக்குங்கள். கண்ணாடித் துண்டுபோல் உடைந்தால் அது இரும்புப் படலம். உடனே ஒன்றுசேர்ந்தால் எண்ணெய்.

3. லயத்துத் தோட்டத்தில் ஒரு முழம் தோண்டுங்கள். சாம்பல் மண் வந்தால் அங்கே நீர் தேங்குகிறது. மரக்கறிப் பாத்தியை உயர்த்திப் போடுங்கள், அல்லது சிறு கான் வெட்டுங்கள்.

மண்ணின் நிறத்தைப் பிள்ளைகளுக்கும் காட்டிக்கொடுங்கள். எங்கே நீர் நிற்கிறது, எங்கே காற்று போகிறது என்பதை மண் தானே சொல்லும்.