திப்பியைப் பிழிந்தால் காசு!

கல்யாணப் பந்தியில் பாயாசம் குடிக்கும்போது, முத்து முத்தாக மிதக்கிற ஜவ்வரிசி எங்கிருந்து வருகிறது என்று யோசித்திருக்கிறீர்களா? மலேயா நாட்டில் அது ஒருவகைப் பனையின் தண்டுச் சோற்றிலிருந்து வந்தது. இரண்டாம் உலகப்போரில் அந்த வரத்து நின்றுபோக, 1943-ல் சேலத்தில் மரவள்ளிக்கிழங்கு மாவிலிருந்து ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார்கள். 1981-ல் 'சேகோசர்வ்' கூட்டுறவுச் சங்கம் பதிவானது. 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஜவ்வரிசியின் பெருமை இருக்கட்டும். அது விட்டுச் செல்லும் கழிவைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

கழிவு எப்படி வருகிறது?

கிழங்கைத் தோலுரித்து, கழுவி, அரைத்து, தண்ணீர் விட்டுச் சலித்தால் மாவுப்பால் இறங்கும். அதைத் தொட்டியில் தெளிய வைத்து, அடியில் படிந்த ஈரமாவைத் துணியில் போட்டுக் குலுக்கினால் முத்துக்கள் உருளும். வறுத்துக் களத்தில் காயவைத்தால் ஜவ்வரிசி ரெடி. மிச்சம் மூன்று: தோல், சல்லடையில் தங்கும் சக்கையான திப்பி, புளித்த கழிவுநீர்.

இந்தக் கழிவுநீரை அப்படியே திறந்துவிட்டால் ஓடையும் கிணறும் நாறிப்போகும். ஈரத்திப்பியைக் குவித்து வைத்தால் ஓரிரு நாளில் புளித்து ஈ மொய்க்கும். பாதிக்கப்படுவது பக்கத்துக் காட்டு விவசாயிதான். ஆனால் திப்பி வெறும் குப்பை இல்லை. காய்ந்த திப்பியில் பாதிக்கு மேல் மாவுச்சத்து இருக்கிறது. அப்புறம் ஏன் வீணாகிறது? தண்ணீர்தான் காரணம்.

ஒரு சின்னக் கணக்கு

1000 கிலோ ஈரத்திப்பியில் 80 சதவீதம் தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். உலர்பொருள் 200 கிலோ மட்டுமே. ஈரப்பதத்தை 12 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால் கிடைப்பது சுமார் 227 கிலோ. அதாவது 773 கிலோ தண்ணீர் வெளியேற வேண்டும். ஒரு கிலோ நீர் ஆவியாக 2.26 மெகாஜூல் வீதம் ஏறத்தாழ 1750 மெகாஜூல் வெப்பம் தேவை. விறகு வைத்தால் கட்டுபடியாகாது. வெயிலை நம்பினால் மழைக்காலத்தில் அம்போ!

அதே திப்பியை முதலில் திருகு அழுத்தியில் பிழிந்து 60 சதவீத ஈரத்துக்குக் கொண்டுவந்தால்? எடை 500 கிலோவாகக் குறையும். பாக்கி 273 கிலோ தண்ணீருக்கு 617 மெகாஜூல் போதும். வெப்பச் செலவில் மூன்றில் இரண்டு பங்கு மிச்சம்!

அந்த வெப்பம் எங்கிருந்து?

கழிவுநீரிலிருந்தே எடுக்கலாம். காற்றுப் புகாத தொட்டியில் நுண்ணுயிர்கள் அதிலுள்ள கரிமப்பொருளைத் தின்று மீத்தேன் தரும். சேலம், நாமக்கல் வட்டாரத்தில் பல ஆலைகள் இப்படிச் சாண எரிவாயு போலவே வாயு எடுக்கின்றன. ஒரு கிலோ வேதி ஆக்சிஜன் தேவைக்கு 0.35 கனமீட்டர் மீத்தேன் என்பது ஏட்டுக் கணக்கு. லிட்டருக்கு 5 கிராம் தேவையுள்ள நீரில் 80 சதவீதம் சிதைந்தால், 1000 லிட்டருக்கு 1.4 கனமீட்டர் கிடைக்கும். உலர்த்தியின் திறன் 60 சதவீதம் என்றால், நம் 273 கிலோ தண்ணீரை விரட்டச் சுமார் 20,000 லிட்டர் கழிவுநீர் போதும். பிழிந்த தண்ணீரையும் அதே தொட்டிக்கு அனுப்பலாம். ஒரு கழிவு இன்னொரு கழிவைக் காயவைக்கிறது, பார்த்தீர்களா!

காய்ந்த திப்பியின் பயன்கள்

1. தீவனம்: மாவுச்சத்து அதிகம், புரதம் மிகக் குறைவு. ஆகவே தனியாகப் போடக்கூடாது. எங்கள் மேல்மலையனூர், செஞ்சிப் பக்கம் மல்லாட்டை பூமி. இங்குள்ள மல்லாட்டைப் புண்ணாக்கின் புரதமும் திப்பியின் மாவும் நல்ல ஜோடி. ஆனால் இரண்டிலும் பூஞ்சை பிடிக்கக்கூடாது. பிடித்தால் அதன் நச்சு மாட்டுப் பாலிலும் இறங்கும். நன்றாகக் காயவைப்பது அதற்காகவும்தான்.

2. எரிசாராயம்: 100 கிலோ திப்பியில் 55 கிலோ மாவு என்றால், அதைச் சிதைத்தால் சுமார் 61 கிலோ குளுக்கோஸ், அதை நொதிக்கவைத்தால் அதிகபட்சம் 31 கிலோ எத்தனால். ஏறக்குறைய 40 லிட்டர். நடைமுறையில் இதைவிடக் குறையும். வடிப்பதற்கும் செலவு உண்டு.

3. உரம்: கிழங்குத் தோலில் சயனைடு தரும் பொருள் அதிகம். அதைப் பச்சையாக மாட்டுக்குப் போடாமல், சாணத்தோடு சேர்த்து மட்கவைப்பதே நல்லது. தீவனத்துக்கு ஆகாத திப்பியையும் இதில் சேர்க்கலாம்.

நமக்கு என்ன வேலை?

எத்தனால், உரம் என்று ஆராய்ச்சிகள் நிறைய நடந்திருக்கின்றன. சிறு ஆலைக்காரர் கேட்பது வேறு: "தம்பி, குறைஞ்ச விலையில பிழியற மெஷின் இருக்கா?" மெக்கானிக்கல் நண்பர்கள் சல்லடை அடைக்காத அழுத்தியை வடிவமைக்கலாம். கெமிக்கல் நண்பர்கள் வாயுத் தொட்டியையும், எலக்ட்ரிகல் நண்பர்கள் மோட்டார் செலவையும் கவனிக்கலாம். திப்பி நார் பிசுபிசுப்பானது, எளிதில் பிழிபடாது. 60 சதவீதம் எட்டுமா என்பதே முதல் சோதனை. மூன்று பிரிவும் சேர்ந்தால் அருமையான இறுதியாண்டு புராஜெக்ட். மார்க்கும் வரும், ஒரு ஊரின் கிணற்றுத் தண்ணீரும் பிழைக்கும். யார் கைகோக்கப் போகிறீர்கள்?