சாவி எங்கே இருக்கிறது?

கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் சாலையில் உள்ள சிப்காட் தொழிற்பேட்டையை நாம் அனைவரும் அறிவோம். நம்மில் பலருடைய தந்தையர் அங்கே பணிபுரிகின்றனர். காற்றில் ரசாயன வாடை வீசும் நாட்களில், "எந்தக் கிடங்கில் என்ன வைத்திருக்கிறார்களோ?" என்று நம் வீடுகளில் பேச்சு எழுவதுண்டு. அதே கேள்வியை நம் கணிப்பொறியிடமும் கேட்கவேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எங்கள் தோழி ஒருத்தி கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க ஒரு பிரவுசிங் சென்டருக்குச் சென்றாள். "கடவுச்சொல்லைச் சேமிக்கவா?" என்று திரை கேட்டது. ஆம் என்று அழுத்திவிட்டு வந்துவிட்டாள். மறுநாள் அதே இருக்கையில் அமர்ந்த பெண்மணிக்கு அவளுடைய விண்ணப்பம், வங்கிக் கணக்கு எண்ணுடன் திறந்துகொண்டது. அந்தப் பெண்மணி நல்லவர். கடைக்காரரிடம் சொல்லி அழிக்கச் செய்தார். வேறொருவராக இருந்திருந்தால்?

சேமிக்கவா என்று கேட்ட மென்பொருள், எங்கே சேமிப்பது என்று கேட்கவில்லை. அப்படிச் சேமிக்கும் இடங்கள் நான்கு.

முதலாவது, மென்பொருளின் சொந்தக் கோப்பு. பிட்ஜின் என்னும் உரையாடல் மென்பொருள் கடவுச்சொல்லை எவரும் படிக்கும்படி அப்படியே எழுதி வைத்தது. இது சோம்பல் அன்று. கடவுச்சொல்லை மறைத்தெழுதினால் அதை விடுவிக்க ஒரு சாவி வேண்டும். அந்தச் சாவியையும் பக்கத்திலேயே வைத்தால் பூட்டியும் பயன் என்ன? ஃபைல்ஜில்லா மென்பொருளும் நெடுங்காலம் இவ்வாறே இருந்து, 2017-இல் தலைமைக் கடவுச்சொல் வைக்கும் உரிமையைப் பயனருக்கு அளித்தது.

இரண்டாவது, இயங்குதளத்தின் பெட்டகம். விண்டோஸில் கிரெடென்ஷியல் மேனேஜர், மேக்கில் கீசெயின், லினக்ஸில் க்னோம் கீரிங், கே-வாலட் ஆகியன இவ்வகை. 2011 முதல் தமிழக அரசு வழங்கிய மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸுடன், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. ஆக, ஒரே கணினியில் இரண்டு பெட்டகங்கள்! நாம் உள்நுழைந்ததும் பெட்டகம் பெரும்பாலும் தானே திறந்துகொள்ளும். வீட்டில் அனைவரும் ஒரே பெயரில் நுழைந்தால், அது அனைவருக்கும் திறந்த பெட்டகமே.

மூன்றாவது, நாமே வைத்துக்கொள்ளும் பூட்டிய கோப்பு. 2003-இல் வெளிவந்த கீபாஸ் இதற்கு உதவும். பென் டிரைவிலும் வைக்கலாம். ஆனால் தலைமைச் சொல்லை மறந்தால் எவராலும் மீட்க இயலாது.

நான்காவது, தொலைவிலுள்ள நிறுவனத்தின் சேமிப்பகம். எங்கிருந்தும் எடுக்கலாம் என்பது வசதி. எனினும் 2022-இல் லாஸ்ட்பாஸ் நிறுவனத்திலிருந்து வாடிக்கையாளர் பெட்டகங்களின் நகல்களே களவு போயின. எளிய தலைமைச் சொல் வைத்திருந்தோருக்கே அதிக ஆபத்து.

எனவே, எந்த இடமும் எல்லோருக்கும் ஏற்றதன்று. தனி மடிக்கணினி உள்ள மாணவிக்கு ஏற்றது வேறு. ஒரே கணிப்பொறியை ஐந்து பேர் பயன்படுத்தும் குடும்பத்திற்கு ஏற்றது வேறு. ஆகவேதான், தேர்ந்தெடுக்கும் உரிமை பயனருக்கு வேண்டும் என்கிறோம். லினக்ஸில் குரோம் உலாவியைத் தொடங்கும்போதே எந்தப் பெட்டகம் என்று குறிப்பிட இயலும்; ஆயினும் அதை அறிந்தோர் சிலரே. கேட்காமலே பாதுகாப்பான இடத்தில் வைப்பதும், கேட்போருக்கு மாற்றித் தருவதும் நல்ல மென்பொருளின் இலக்கணம்.

உரிமையோடு கடமையும் உண்டு. இடத்தை மாற்றினால் பழைய இடத்தில் உள்ளதை அழித்துவிடுவோம். வீட்டில் ஒவ்வொருவரும் தனிப் பெயரில் நுழைவோம். பொதுக் கணிப்பொறியில் 'சேமிக்கவா?' என்றால், வேண்டாம் என்போம்.

நம் விடுதிப் பண்டக அறையின் சாவி ஆணியில் தொங்குவதில்லை. அது யாரிடம் இருக்கிறது என்பதை நாம் எல்லோரும் அறிவோம். நம் கடவுச்சொற்களுக்கும் அத்தகைய காவல் வேண்டாமா?