மரவள்ளி இளஞ்செடியில் இலை வெளுப்பு: சத்துக் குறையா, தேமல் நோயா?

கள்ளக்குறிச்சி, சின்னசேலம் வட்டாரங்களிலும் கல்வராயன் மலையிலும் மரவள்ளி முக்கியமான பணப்பயிராகும். இங்கு விளையும் கிழங்கு பெரும்பாலும் ஜவ்வரிசி, மாவு ஆலைகளுக்கே செல்கிறது. நட்ட கரணை துளிர்த்து இரண்டு மாதம் ஆவதற்குள் இலை வெளுத்தால் உடனே யூரியா இடுவது பலரது வழக்கம். வெளுப்புக்குக் காரணம் தழைச்சத்துக் குறையாக இருந்தால் அது பலன் தரும். தேமல் நோயாக இருந்தால் உரச்செலவு வீணாவதோடு, அதே செடியிலிருந்து குச்சி எடுக்கும்போது அடுத்த ஆண்டுப் பயிரும் கெடும். எனவே காரணத்தை அறிந்த பிறகே கைமருந்து தேட வேண்டும்.

எந்த இலை முதலில் வெளுக்கிறது?

தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து, மக்னீசியம் ஆகியவை செடிக்குள் இடம் பெயரக் கூடியவை. இவை குறைந்தால் செடி முதிர்ந்த இலையிலிருந்து எடுத்துக் குருத்துக்குக் கொடுக்கும். ஆகவே அடி இலையில்தான் குறை முதலில் தெரியும். அடி இலை முழுதும் ஒரே சீராக வெளிறினால் தழைச்சத்துக் குறை எனக் கொள்ளலாம். நரம்பு பச்சையாக இருக்க, இடைப்பகுதி மட்டும் மஞ்சளானால் மக்னீசியக் குறை. ஓரமும் நுனியும் மஞ்சளாகிக் கருகினால் சாம்பல் சத்துக் குறை.

இரும்பும் துத்தநாகமும் அவ்வாறு எளிதில் இடம் பெயர்வதில்லை. எனவே இவற்றின் குறை குருத்து இலையில் தெரியும். குருத்து முழுதும் வெளிறி, கடுமையானால் வெண்மையாகவே மாறுவது இரும்புக் குறை. இலை சிறுத்து, நரம்புகளுக்கு இடையே வெளிர் புள்ளிகளும் கோடுகளும் தோன்றுவது துத்தநாகக் குறை. சுண்ணாம்பு மிகுந்த சுக்கான் நிலத்தில் இரும்பு மண்ணில் இருந்தும் வேருக்குக் கிட்டாது.

தேமலின் அடையாளம்

தேமல் நோயில் மஞ்சளும் பச்சையும் ஒழுங்கின்றித் திட்டுத் திட்டாகக் கலந்திருக்கும். நடுநரம்பின் இருபுறமும் ஒன்று போல இராது. இலை கோணி, முறுக்கிச் சிறுக்கும். சத்துக் குறையோ இருபுறமும் ஏறத்தாழ ஒரே மாதிரி காணும். மேலும், சத்துக் குறை வயலில் ஒரு பகுதியாகப் படரும். தேமல் கண்ட செடிக்குப் பக்கத்திலேயே நல்ல செடி நிற்கக் காணலாம்.

முதல் இலையிலிருந்தே தேமல் காணப்பட்டால் நோய் கரணையோடு வந்தது என்று பொருள். அடி இலைகள் நன்றாக இருந்து, மேல் இலைகளில் மட்டும் தெரிந்தால் வெள்ளை ஈ கொண்டு வந்தது. நம் நாட்டில் இந்நோயை உண்டாக்குபவை இந்திய மரவள்ளித் தேமல் வைரஸ், இலங்கை மரவள்ளித் தேமல் வைரஸ் ஆகிய இரண்டும் ஆகும். இவற்றைக் குணப்படுத்தும் மருந்து கிடையாது.

எளிய சோதனை

ஐயம் இருந்தால் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் அன்னபேதியைக் கரைத்து, மாலை வேளையில் நாலைந்து குருத்து இலைகளின் ஒரு பாதியில் மட்டும் துணியால் தடவ வேண்டும். ஒரு வாரம், பத்து நாளில் தடவிய பாதி பச்சையானால் இரும்புக் குறையே காரணம். வேறு செடிகளில் துத்தநாக சல்பேட்டைக் கொண்டும் இவ்வாறே பார்க்கலாம்.

செய்ய வேண்டியவை

இரும்புக் குறைக்கு லிட்டருக்கு 10 கிராம் அன்னபேதியும், துத்தநாகக் குறைக்கு லிட்டருக்கு 5 கிராம் துத்தநாக சல்பேட்டும் நட்ட 60, 90ஆம் நாட்களில் தெளிக்கலாம். தழை, சாம்பல் சத்து உரங்களை மண் பரிசோதனைப்படி இடுவது சிக்கனமானது. மலைச்சரிவில் கனமழை தழைச்சத்தைக் கரைத்துச் செல்லுமாதலால், அங்கு உரத்தைப் பிரித்து இடுவது நல்லது.

கரணை வழி வந்த தேமல் செடிகளை இளமையிலேயே பிடுங்கி அழித்து, அவ்விடத்தில் நல்ல கரணையை நட வேண்டும். இதற்கெனச் சில கரணைகளைத் தனியே நாற்றங்காலில் துளிர்க்க விட்டு வைத்திருப்பது உதவும். வெள்ளை ஈக்கு மஞ்சள் ஒட்டுப்பொறி வைத்து, களைகளை நீக்க வேண்டும்.

குச்சித் தேர்வு

இலை உதிர்ந்த பின் நோயுற்ற குச்சியும் நல்ல குச்சியும் பார்வைக்கு ஒன்றே. ஆகவே இலை இருக்கும்போதே நல்ல செடிகளுக்கு அடையாளம் கட்டி வைக்க வேண்டும். கடும் வெயிலில் தேமல் மங்கித் தெரியுமாதலால், ஒருமுறை பார்த்ததோடு நிற்கக் கூடாது. அடையாளமிட்ட செடியின் நடுத்தண்டிலிருந்து 15 செ.மீ. நீளத்தில், 8 முதல் 10 கணுக்கள் உள்ள கரணைகளாக வெட்டலாம். நோய் மிகுந்த ஊர்களில், திருவனந்தபுரம் மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ஸ்ரீ பத்மநாபா போன்ற தேமலைத் தாங்கும் ரகங்களை நாடலாம். சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் உள்ள மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் ரகங்கள் குறித்து ஆலோசனை பெறலாம்.