மட்டக்குறியும் மாணவனின் திட்டமும்

இங்கிலாந்திலே பழைய தேவாலயச் சுவர்களிலும் பாலத்துக் கற்களிலும் ஒரு கிடைக்கோடும், அதனைக் கீழிருந்து தொட்டு நிற்கும் அம்புக்குறியொன்றும் செதுக்கப்பட்டிருப்பதைக் காணலாம். நிலவளவையாளர் உயரங் கணிக்கும்போது அக்கோட்டிலே ஓர் இரும்புத் துண்டைச் செருகி, அதனையே பீடமாகக் கொண்டு அளவுகோலை நிறுத்துவர். அப்பீடத்தின் பெயராலேயே அது 'பெஞ்ச் மார்க்' எனப்பட்டது. தமிழில் மட்டக்குறி எனலாம். ஆயின், அக்குறிக்குப் பெறுமானத்தைக் கொடுப்பது கல்லன்று, கடல். கோண்வால் பகுதியின் நியூலின் துறைமுகத்திலே 1915 தொடக்கம் 1921 வரை அளந்து பெற்ற சராசரிக் கடல்மட்டமே பிரித்தானியப் பெருநிலத்து உயரங்களுக்கெல்லாம் அடிப்படையாயிற்று. கல் புதைந்தால் குறியும் தாழும். அதனை நம்பி அளந்தவை யாவும் பிழைபடும்.

இச்சொல் பின்னர் வணிகத்துட் புகுந்தது. பிரதியெடுக்கும் யந்திரங்களைச் செய்யும் செறொக்ஸ் நிறுவனம் 1979ஆம் ஆண்டளவிலே, தன் யந்திரங்களையும் செலவையும் யப்பானிய யந்திரங்களோடு பகுதி பகுதியாக ஒப்பிடத் தொடங்கியது. பண்டகசாலை வேலையைக் கற்பதற்கு, தனக்குப் போட்டியே இல்லாத, பாதணியும் உடையும் தபாலில் விற்கும் எல். எல். பீன் நிறுவனத்தை நாடியது. 'நாம் எத்தனையாம் இடம்?' என்று அவர்கள் கேட்கவில்லை; 'அவர்கள் அதனை எவ்வாறு செய்கின்றனர்?' என்றே கேட்டனர். இவ்வேறுபாட்டை மறந்தமையாலேயே, கல்வித்துறையில் இம்முறை சில இடங்களிற் பயனின்றிப் போயிற்று என்பது என் கருத்து.

இங்கிலாந்துப் பாடசாலைகளிலே பல ஆண்டுகள் பணியாற்றிய பழைய மாணவன் என்ற முறையில், அங்கு விசேட கல்வித் தேவையுடைய பிள்ளைகளுக்கு எழுதப்படும் திட்டங்களைப் பற்றி இங்கே சில கூற விழைகின்றேன். இலண்டனிலே குடியேறிய நம் பழைய மாணவர் சிலருடைய இல்லங்களிலும் அத்தகைய திட்டமொன்று அலுமாரியில் இருக்கக்கூடும்.

மேரி வார்னொக் அம்மையார் தலைமையிலான குழு 1978இல் வெளியிட்ட அறிக்கை, குருடர், செவிடர் எனப் பிள்ளைகளைக் குறைபாட்டின் பெயரால் வகுக்கும் பழைய முறையைக் கைவிட்டு, 'விசேட கல்வித் தேவை' என்னும் கருத்தை முன்வைத்தது. 1981ஆம் ஆண்டுச் சட்டம் அத்தேவைகளைக் கூறும் பத்திரத்தை ஏற்படுத்தியது. 2014ஆம் ஆண்டுச் சட்டம் அதற்குப் பதிலாகக் கல்வி, சுகாதார, பராமரிப்புத் திட்டத்தை வைத்தது. இது 25 வயது வரை நீடிக்கலாம். 2015 சனவரியில் ஏறத்தாழ 2 இலட்சத்து 40 ஆயிரம் பேருக்குப் பழைய பத்திரமோ புதிய திட்டமோ இருந்தது; 2025 சனவரியில் 6 இலட்சத்து 38 ஆயிரம் பேருக்குத் திட்டம் இருந்தது.

இத்தனை திட்டங்களை எழுதும் உள்ளூர் அதிகார சபைகள் தம் வேலையை ஒப்பிட்டுப் பார்க்க விரும்புதல் இயல்பே. தேசிய கல்வி ஆராய்ச்சி நிலையம் 2007இல் வகுத்த முறைப்படி, ஒவ்வொரு சபைக்கும் மக்கள் நிலையால் ஒத்த பத்துச் சபைகள் 'புள்ளிவிவர அயலவர்' எனக் குறிக்கப்பட்டன. அது நல்ல ஏற்பாடே. ஆனால் எவற்றை ஒப்பிடுகின்றனர்? பெரும்பாலும் எண்ணக்கூடியவற்றையே: எத்தனை திட்டங்கள், எத்தனை வாரங்கள். விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வாரத்துள் திட்டம் முடிவுற வேண்டுமென்பது விதி. 2024இல் வழங்கப்பட்ட புதிய திட்டங்களுள், விதிவிலக்குகள் நீங்கலாக, நூற்றுக்கு 46 வீதமளவே அவ்வெல்லைக்குள் முடிந்தன. நூற்றுக்கு 48 வீதம் முடித்த சபையொன்று தன் அயலவரைப் பார்த்து ஆறுதலடையலாம். ஆயினும் அதன் எல்லைக்குள்ளே பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள் சட்டம் குறித்த நாளைக் கடந்து காத்திருந்தனர் அல்லவா? அயலவரின் சராசரி புதைந்த கல். கடல்மட்டம் சட்டமே.

விரைவாக முடிந்த திட்டமெல்லாம் நல்ல திட்டமுமன்று. திட்டத்தின் 'பி' பகுதி பிள்ளையின் தேவைகளையும், 'ஈ' பகுதி அடையவேண்டிய பேறுகளையும், 'எஃப்' பகுதி அளிக்கவேண்டிய கல்வியுதவியையும் கூறும். இவற்றுள் 'எஃப்' பகுதியே உயிர்நாடி. அங்கே எழுதப்பட்டதைச் சபை செய்தே தீரவேண்டும். தெளிவாக எழுதப்படாததை எவரும் வற்புறுத்திப் பெற இயலாது. உதவியின் வகை, மணிநேரம், எத்தனை தரம், உதவுபவரின் தேர்ச்சி ஆகியன பொதுவாக அளவிட்டுக் கூறப்படவேண்டுமென 2015ஆம் ஆண்டு நடைமுறைக் கோவை விதிக்கின்றது. பழைய பத்திரங்களைப் பற்றி 1998இல் உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பொன்றும், தேவைப்படுவது யாதென ஐயத்துக்கு இடமின்றி எழுதவேண்டும் என்னும் கருத்தினதே.

ஆயினும் நடப்பது வேறு. என்னிடம் வந்த ஒன்பது வயதுச் சிறுவனொருவனின் திட்டத்தில், 'மொழித்திறனை வளர்ப்பதற்குப் பொருத்தமான வாய்ப்புகள், தேவைக்கேற்ப, அளிக்கப்படும்' என்றிருந்தது. வாக்கியத்திலே குற்றமில்லை, இலக்கணமும் சரியே. யார் அளிப்பார்? எப்போது? தேவை எதுவென்று எவர் தீர்ப்பார்? அவனுக்கு உதவிய ஆசிரிய உதவியாளர் வேலையை விட்டுச் சென்றபின் இரண்டு தவணைகள் எவரும் வரவில்லை. தாயார் முறையிட்டபோது, திட்டம் மீறப்படவில்லை என்ற பதிலே கிடைத்தது. அப்பதில் உண்மையுமாகும். அதுவே வேதனை.

அதன் பின்னர் அயலிலுள்ள நான்கு பாடசாலைகளின் ஆசிரியர் தவணைக்கொருமுறை மாலைவேளையிற் கூடினோம். பிள்ளையின் பெயரை மறைத்து, ஒவ்வொருவரும் மூன்று திட்டங்களைக் கொண்டுவந்தோம். பேச்சுச் சிகிச்சையாளர் ஒருவரையும் அழைத்தோம். முதலிலே 'பி' பகுதியின் ஒவ்வொரு தேவைக்கும் எண்ணிட்டு, 'எஃப்' பகுதியிலே அதற்கு விடை உண்டா என்று தேடினோம். விடையில்லாத தேவைகள் எல்லாரிடத்தும் இருந்தன. சிறந்தவையெனப் பெயர்பெற்ற பாடசாலையிலும் இருந்தன. பின்னர் 'வாய்ப்பு', 'தேவைக்கேற்ப', 'இயன்றவரை', 'பயன்பெறுவான்' முதலிய சொற்களைச் சிவப்பு மையாற் கோடிட்டோம். சில பக்கங்கள் முழுதுமே சிவந்தன. இறுதியாக, ஒரே வகைத் தேவையை நன்கு எழுதிய திட்டமொன்றை நடுவில் வைத்து, அதனை எழுதியவர் எந்த அறிக்கையிலிருந்து, எவரைக் கேட்டு, அவ்வளவு திட்டமாக எழுதினாரென வினவினோம். பெரும்பாலும் விடை எளிது: சிகிச்சையாளரின் அறிக்கையிலேயே மணிநேரம் குறிக்கப்பட்டிருந்தது, குறிக்கப்படாதவிடத்து அவர் தொலைபேசியில் விடாது கேட்டிருந்தார்.

இங்கே ஓர் எச்சரிக்கை. நல்ல திட்டத்தைக் கண்ட ஒருவர் அதனை அப்படியே தம் மாணவனுக்குப் பெயர்த்தெழுதிவிட்டார். சிறுவனின் திட்டத்தின் நடுவே 'அவள்' என்று வந்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. ஒப்பிடவேண்டியது எழுத்தின் தெளிவையும் அதனைப் பெற்ற வழியையுமேயன்றி, ஒரு பிள்ளையின் மணிநேரத்தை மற்றொரு பிள்ளையின் மணிநேரத்தோடன்று.

பிள்ளையின் முன்னேற்றத்தை ஒப்பிடுவதிலும் இச்சிக்கல் உண்டு. தேசிய பாடவிதானத்தின் முதற்படியை எட்டாத பிள்ளைகளுக்கென 1998இல் 'பி' அளவுகள் எட்டுப் படிகளாக வகுக்கப்பட்டன. 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் அரசாங்க வழிகாட்டியொன்று, வயதையும் முன்னைய அடைவையும் தொடக்கமாகக் கொண்டு, ஒத்த நிலையிலிருந்து புறப்பட்ட பிற பிள்ளைகள் எவ்வளவு தூரம் சென்றனர் என்று பார்க்கச் சொன்னது. இவனால் இவ்வளவுதான் இயலும் என்று ஆசிரியர் சோர்ந்திருந்தவிடத்து, அது பெரிதும் உதவியது. ஆயினும் மிகக் கடுமையான குறைபாடுடைய பிள்ளைக்கு ஏணிப்படிகள் பொருந்தவில்லை. 2016இல் றொச்ஃபோட் மீளாய்வு அவ்வளவுகளைக் கைவிடுமாறு பரிந்துரைத்தது. 2021 முதல், பாடப்படிப்பிற் புகாத அத்தகைய பிள்ளைகளிடத்து ஆராய்தல், உணர்தல், எதிர்நோக்கல், விடாது முயலல், தானே தொடங்கல் என்னும் ஐந்தினை நோக்கும் முறை வந்தது. அங்கே அப்பிள்ளையின் நேற்றைய நிலையே மட்டக்குறி.

மேற்கூறிய சிறுவனின் திட்டம் அவ்வாண்டு மீளாய்வுக்கு வந்தது. ஆண்டுக்கொருமுறையேனும் மீளாய்வு செய்தல் சட்டப்படி கட்டாயம். தாயார் எம் சிவப்புக் கோடிட்ட பிரதியைக் கையிற் கொண்டுவந்திருந்தார். புதிய வாக்கியம் பின்வருமாறு அமைந்தது: 'பேச்சுச் சிகிச்சையாளர் வாரந்தோறும் ஒருமுறை 30 நிமிடம் தனியே கற்பிப்பார், அவர் பயிற்றிய உதவியாளர் எஞ்சிய நான்கு நாட்களும் 15 நிமிடம் அதனையே பயிற்றுவார், அவர் வராதவிடத்துப் பதிலாளரைச் சபை அனுப்பும்.' தாயார் அதனை இருமுறை வாசித்துவிட்டு, எழுதுகோலைக் கேட்டு வாங்கி, 'பாடசாலைத் தவணைக் காலத்தில்' என்னும் சொற்களை எங்கே சேர்க்கலாமென்று கேட்டார். சேர்த்தோம்.