நோட்டு உங்கள் கையில் இருக்கட்டும்

எண்ணூர் நெட்டுக்குப்பத்தில் எனக்குத் தெரிந்த மகளிர் குழு, மீன் விற்றுத் திரும்பி, கூடையைக் கழுவிக் கவிழ்த்த பிறகுதான் கூடும். தீர்மான நோட்டைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வருவார் ஒரு அக்கா. உப்புக்காற்றில் அட்டை பிசுபிசுத்து, ஓரம் சுருண்டிருக்கும். யார் எவ்வளவு கட்டினார், யாருக்குக் கடன், எதற்காக, எல்லாம் அதில் உண்டு. “எனக்கு என்னம்மா பதவி, நான் சும்மா எழுதுறவ” என்பார். எனக்கு அதில் சம்மதமே இல்லை.

துறைமுகப் பக்கம் கன்டெய்னர் யார்டிலோ, ஏதோ ஒரு கம்பெனி ஆபீஸிலோ முதல் வேலைக்குச் சேரும் பெண்களிடமும் இதையே சொல்கிறேன். எழுதுகிற வேலையைத் தந்தால் சலித்துக்கொள்ளாதீர்கள். நோட்டு யாரிடம் இருக்கிறதோ, அவரிடம்தான் பாதித் தலைமை இருக்கிறது. இதை நான் கற்றது மார்கரெட் ஃபெல் என்ற இங்கிலாந்துப் பெண்மணியிடமிருந்து.

1652-ல் ஜார்ஜ் ஃபாக்ஸ் என்ற போதகர், வடமேற்கு இங்கிலாந்தில் ஸ்வார்த்மூர் ஹால் என்ற வீட்டுக்கு வந்தார். வீட்டுக்காரர் தாமஸ் ஃபெல் ஒரு நீதிபதி; வெளியூர் போயிருந்தார். ஃபாக்ஸின் பேச்சு அவர் மனைவி மார்கரெட்டை உலுக்கிவிட்டது. பாதிரியார் தேவையில்லை, யாருக்கு உள்ளிருந்து சொல் எழுகிறதோ அவர் பேசலாம், பெண்ணும் பேசலாம். குவேக்கர்கள் என்று பெயர்பெற்றவர்களின் வழி இதுதான்.

ஃபாக்ஸ் ஊர் ஊராகப் போனார். மார்கரெட் அந்த வீட்டையே இயக்கத்தின் அலுவலகம் ஆக்கினார். 1654-ல் அவர் முயற்சியில் கெண்டால் நிதி தொடங்கியது. பிரசாரத்துக்குக் கிளம்பியவர்களுக்குச் செருப்பு, துணி, வழிச்செலவு, சிறையில் கிடந்தவர்களுக்கு உதவி என்று ஒவ்வொன்றும் கணக்கில் ஏறியது. தூரத்தில் இருந்தவர்கள் அவருக்கு எழுதினார்கள். ஒருவர் செய்தி அவர் வழியாக இன்னொருவரைச் சேர்ந்தது. அந்தக் கடிதங்கள் நூற்றுக்கணக்கில் இன்றும் லண்டனில் இருக்கின்றன. 1660-ல் சிறைப்பட்டவர்களுக்காக மன்னர் இரண்டாம் சார்லஸையே நேரில் பார்த்து முறையிட்டார். 1664-ல் அவரையும் லங்காஸ்டர் கோட்டையில் அடைத்தார்கள். சத்தியப்பிரமாணம் செய்ய மறுத்ததும், வீட்டில் கூட்டம் நடத்தியதும் குற்றமாம். உள்ளே நான்கு ஆண்டுகள். பெண்கள் சபையில் பேசலாம் என்று வேதத்தைக் கொண்டே நிறுவும் அவருடைய சிறுநூல் 1666-ல், அவர் சிறையில் இருக்கும்போதே வெளிவந்தது.

அவருக்கு வசதியும், நீதிபதி கணவரின் செல்வாக்கும் இருந்தன. நம்மில் பலருக்கு இல்லை. அதை மறைத்துவிட்டு அவரை முன்மாதிரி என்றால் பொய்யாகிவிடும். ஆனால் கணக்கும் கடிதமும் நமக்கும் எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன.

குவேக்கர் வழி சென்னைக்கும் அந்நியமில்லை. 1928-ல் வேப்பேரி பெண்டிங்க் பெண்கள் பள்ளிக்கு ஆசிரியையாக வந்த மார்ஜரி சைக்ஸ் பின்னர் குவேக்கர் ஆனார்; காந்தியின் ஆதாரக் கல்விப் பணிக்காகச் சேவாகிராமம் போனார்.

குவேக்கர்களின் கூட்டத்தில் ஓட்டெடுப்பு கிடையாது. எழுத்தர் எல்லோரையும் கேட்டு, முடிவை அங்கேயே எழுதி, உரக்க வாசிப்பார். யாராவது ‘அப்படியில்லை’ என்றால் திருத்துவார். எல்லோருக்கும் ஒத்துப்போன பிறகே அடுத்த பேச்சு. உங்கள் ஆபீஸ் மீட்டிங்கில் நாளைக்கே இதைச் செய்யலாம். முடியும் முன் இரண்டு நிமிடம் கேட்டு வாங்குங்கள். இன்ன வேலை, இன்னார் பொறுப்பு, இன்ன தேதிக்குள், யோசனை சொன்னவர் இவர் என்று வாசியுங்கள். அன்றைக்கே வாட்ஸ்அப் குரூப்பில் போடுங்கள். என் முதல் வேலையில் ஷிப்ட் பட்டியலை மாற்றும் யோசனை என்னுடையது. எழுதினேன், வாசிக்கவில்லை. ஒரே மாதத்தில் அது சூப்பர்வைசரின் யோசனையாகிவிட்டது. இன்றும் நினைத்தால் வலிக்கிறது.

ஒரு எச்சரிக்கை. எப்போதும் உங்களையே எழுதச் சொல்லி, பேச விடாவிட்டால் ஒப்புக்கொள்ளாதீர்கள். மார்கரெட் எழுதினார், பேசவும் செய்தார்.

மீண்டும் நெட்டுக்குப்பத்துக்கு வருகிறேன். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் கலந்து வந்து எண்ணூர் முகத்துவாரத்தை மூடியபோது, சேதமான படகு ஒன்றுக்கு 10,000 ரூபாய் நிவாரணம் என்று அரசு அறிவித்தது. படகுக்குப் பதிவு எண் உண்டு. தலைச்சுமையாக மீன் விற்கிறவரின் கூடைக்கு எது எண்? நான் சொன்ன அக்காவின் நோட்டில் இப்போது கடைசிப் பக்கங்களைத் திருப்பினால், ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட புதுப் பட்டியல் ஒன்று இருக்கிறது. பெயர், எந்த மார்க்கெட், ஒரு நாளைக்கு எவ்வளவு முதல், எத்தனை நாள் தொழில் நின்றது. ஒவ்வொரு வரிக்கும் நேரே கையெழுத்து. முதல் பெயர் அவருடையது.